மாசியில் எடுத்து வைத்தால் ஆனியில் அனுப்பலாம்

பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பும் மானாவாரி விவசாயிக்கு ஒரு கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. கரிசல் மண். கண்மாய் நிறைந்த ஆண்டில் கொஞ்சம் நெல். மற்றபடி மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி, மல்லி என்று எல்லாமே மானாவாரிதான். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் வீட்டில் பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்த ஒரு பிள்ளை இருந்தால், அந்த வீட்டில் இன்று நடக்கும் பேச்சு ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை மதுரைக்கு அனுப்புவதா, கோயம்புத்தூருக்கா, சென்னைக்கா?

போகக் கூடாது என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றும். வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அது பிழைப்பு ஆகாது. ஒருவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். எப்படிப் போவது, எந்தப் பணத்தில் போவது என்பதுதான் கேள்வி. பட்டணம் போய் நிலைத்தவர்களும் உண்டு. மூன்றே மாதத்தில் கடனோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. இந்த வித்தியாசத்துக்குப் பல சமயங்களில் பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் காரணம் அல்ல. வீட்டில் போட்ட கணக்குதான் காரணம்.

இரண்டு விதைப்பு, ஒரே பணம்

நம் பக்கத்துப் பட்டம் புரட்டாசிப் பட்டம். வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசியில் விதைக்கிறோம். உளுந்து, பாசிப்பயறு மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்கு வந்துவிடும். மக்காச்சோளம், மல்லி தை, மாசியில் வரும். பருத்தி மாசி தொடங்கி எடுப்பு எடுப்பாக வரும். ஆகவே மானாவாரி விவசாயியின் கையில் காசு புரளும் காலம் தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்கள்தான். சித்திரை பிறப்பதற்குள் அந்தக் காசு உரக்கடைப் பாக்கிக்கும், நகை திருப்புவதற்கும், ஊர்ப் பொங்கலுக்கும், கல்யாண மொய்க்கும் போய்விடுகிறது.

பட்டணம் பணம் கேட்பது எப்போது? பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத்தில் வருகிறது. கல்லூரிச் சேர்க்கை, ஐ.டி.ஐ. சேர்க்கை, விடுதிக் கட்டணம், வேலைக்குப் போகிறவனுக்கு அறை அட்வான்ஸ் எல்லாம் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் வருகின்றன. அப்போது நம் கை வெறும் கை. அதற்கு அடுத்து ஆவணியில் உழவுக் கூலியும், புரட்டாசியில் விதையும் உரமும், அதையொட்டிப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியமும் வந்து நிற்கின்றன.

கொஞ்சம் யோசித்தால் இதுவும் ஒரு விதைப்புதான். பிள்ளைக்கு ஒரு விதைப்பு, நிலத்துக்கு ஒரு விதைப்பு. இரண்டும் மூன்று மாத இடைவெளியில் வருகின்றன. இருப்பதோ ஒரே பணம். பிள்ளைக்காக விதைக்காசை எடுத்துவிட்டால் அந்த ஆண்டு வெள்ளாமை குறையும். வெள்ளாமை குறைந்தால் அடுத்த பருவத்தில் பிள்ளைக்கு அனுப்பக் காசு இராது. பிள்ளை பாதிப் படிப்பில், அல்லது வேலை பழகி முடிப்பதற்குள், திரும்பி வர நேரும். வட்டிக்கு வாங்கினாலும் கதை இதுதான்.

எனவே நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று. பிள்ளைக்கு ஆனியில் வேண்டிய பணத்தை மாசி அறுவடையிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். விதைப் பருத்தியையும் விதை உளுந்தையும் தனியே கட்டி வைத்து, பசித்தாலும் தொடாமல் இருக்கிறோம் அல்லவா, அதைப்போல.

எவ்வளவு எடுத்து வைப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் சென்னைப் புறநகர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் தொகை மாறும். கணக்குப் போடும் முறைக்காகவே இந்த எண்களைச் சொல்கிறோம்.

பயணச் செலவு, பாய், போர்வை, வாளி, இரண்டு செட் உடுப்பு, காலணி: 4,000 ரூபாய்.
அறை அல்லது விடுதி அட்வான்ஸ்: 5,000 ரூபாய்.
தங்கலும் சாப்பாடும் மாதம் 6,500 வீதம் மூன்று மாதத்துக்கு: 19,500 ரூபாய்.
பஸ், போன், சில்லறைச் செலவு மாதம் 1,500 வீதம் மூன்று மாதத்துக்கு: 4,500 ரூபாய்.
காய்ச்சல் தலைவலிக்கும், திரும்பி வர நேர்ந்தால் அந்தப் பயணத்துக்கும்: 3,000 ரூபாய்.
ஆக மொத்தம்: 36,000 ரூபாய்.

வேலைக்குத்தானே போகிறான், மூன்று மாதச் செலவு எதற்கு என்று கேட்கலாம். ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி, பத்தாம் தேதி வாக்கில்தான் கைக்கு வரும். அதுவரை நாற்பது நாள் ஓட வேண்டும். அந்த வேலை பிடிக்காமலோ நிலைக்காமலோ போனால் வேறு வேலை தேட ஒரு மாதம் வேண்டும். கையில் காசு இல்லாதவன் முதலில் கிடைத்த வேலையிலேயே, அது எப்படிப்பட்டதானாலும், ஒட்டிக் கிடப்பான். மூன்று மாதச் செலவு கையில் இருப்பவனே, சரியில்லாத இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லக் கூடியவன். இந்த 36,000 ரூபாயில் பாதி அந்த ஒரு வார்த்தைக்கான விலை.

சம்பளம் பேசும்போதும் கவனம் வேண்டும். சொல்லும் சம்பளம் வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு. 15,000 ரூபாய் சம்பளம் என்றால், அது முழுவதும் அடிப்படைச் சம்பளமாகக் கணக்கிடப்பட்டால், தொழிலாளியின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், அதாவது 113 ரூபாய். மீதி 13,087. கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பிடித்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வைப்பு நிதிப் பிடித்தம் நஷ்டமல்ல. அது பிள்ளையின் சேமிப்பு. வேலை மாறினாலும் அதே வைப்பு நிதிக் கணக்கு எண்ணைப் புது இடத்திலும் கொடுக்கச் சொல்லுங்கள்.

36,000 எங்கிருந்து வரும்?

ஒரே மாசியில் இவ்வளவும் எடுத்து வைப்பது கடினம். ஐந்து மாசிகளில் எடுத்து வைக்கலாம். பிள்ளை எட்டாம் வகுப்பில் சேரும் ஆனியில் தபால் ஆபீசில் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்குங்கள். மாதம் 100 ரூபாய் முதல் கட்டலாம். அதன் தவணை ஐந்து ஆண்டு. மாதம் 300 ரூபாய் கட்டினால் பிளஸ் டூ முடிக்கும் ஆண்டு ஆனியில் நாம் கட்டிய பணம் 18,000 ரூபாயாக நிற்கும். வட்டி தனி. மாதாமாதம் கட்ட முடியாத விவசாயி, வெள்ளாமை விற்ற மாசியில் சில மாதத் தவணைகளை முன்கூட்டியே சேர்த்துக் கட்டிவிடலாம்.

பிரதமரின் கிசான் உதவித்தொகை 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் ஒரே ஒரு தவணையை, 2,000 ரூபாயை, பிள்ளைக்கென்று தொடாமல் விட்டால் ஐந்து ஆண்டில் 10,000 ரூபாய்.

மீதி 8,000 ரூபாய்க்கு நம் பக்கத்தில் ஒரு நல்ல வழி உண்டு. அது ஆடு. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் சொந்த இனம் கன்னி ஆடு. பால்கன்னி, செங்கன்னி என்ற இரண்டு வகையும் நம் வெயிலுக்கும் நம் மேய்ச்சலுக்கும் பழகியவை. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். சினைக்காலம் ஐந்தே மாதம். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும் அவன் பொறுப்பிலேயே இரண்டு பெட்டை ஆடுகளை விட்டுவிடுங்கள். கிடாய்க் குட்டிகளைப் பிள்ளையின் கணக்குக்கும், பெட்டைக் குட்டிகளைக் கொட்டத்துக்கும் என்று பிரித்து வையுங்கள். விற்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். பக்ரீத் பண்டிகை 2025இல் ஜூன் 7ஆம் தேதி வந்தது. ஆண்டுதோறும் அது பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். பண்டிகைக்கு முன் கிடாய்க்கு நல்ல விலை கிடைக்கும். அந்த விலை பள்ளி, கல்லூரிச் செலவுக் காலத்தையொட்டி வரும் ஆண்டுகளில் அதைத் தவறவிடக் கூடாது.

பிள்ளை இப்போதே பிளஸ் டூ முடித்துவிட்டது, கையில் ஒன்றும் இல்லை என்கிற குடும்பம் என்ன செய்வது? அவசரப்படாமல் அடுத்த மாசி வரை காத்திருக்கலாம். அந்த ஒரு ஆண்டைப் பிள்ளை வீணாக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஐ.டி.ஐ.யில் சேரலாம். அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரியும், சைவ பானு க்ஷத்திரிய கல்லூரியும் இருக்கின்றன. நூற்பாலையிலோ விசைத்தறிக் கூடத்திலோ உள்ளூரிலேயே வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்க்கலாம். ஓராண்டு தாமதம் பெரிய நஷ்டமில்லை. கடனோடு புறப்படுவதுதான் நஷ்டம்.

எந்த வழியில் அனுப்புவது?

படிக்கப் போகும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் வழி வேறு.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் போன்ற தொழில்களைக் கற்றவனுக்குப் பட்டணத்தில் மட்டுமல்ல, திரும்பி வந்தால் ஊரிலும் வேலை உண்டு. பம்புசெட்டு மோட்டார் ரிப்பேருக்கும் வீட்டு வயரிங்குக்கும் ஊரில் ஆள் தேடித்தானே அலைகிறோம்!

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்றால், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் வந்தன. பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும் என்பதால், பள்ளியை விட்டு வரும்போதே தலைமையாசிரியரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் மாணவர் விடுதிகளில் இடம் கிடைத்தால் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவே இல்லை. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்று, தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை கேட்க வேண்டும். கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமலே வங்கிகள் தர வேண்டும். அதற்காக நிலப் பத்திரத்தை நீட்ட வேண்டியதில்லை.

தொழில் பழகுநராகச் சேருவது மற்றொரு வழி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி தொழிற்சாலைகள் பயிற்சியும் மாத உதவித்தொகையும் தர வேண்டும். ஆனால் இது சம்பளம் அல்ல. வைப்பு நிதியும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. தொழில் கற்கலாம், சான்றிதழ் கிடைக்கும் என்ற எண்ணத்தில் சேருவதே சரி. நேரடி வேலைக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போகலாம். அங்கே கம்பெனி ஆட்களே நேரில் வருவார்கள். நடுவில் ஏஜெண்டு கிடையாது; கமிஷனும் கிடையாது.

ஒரே தாண்டலில் சென்னைக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். முதலில் மதுரையில் ஆறு மாதம், ஒரு வருஷம் தங்கிப் பழகிய பிள்ளைக்குச் சென்னை அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போகலாம் என்ற தைரியமும் இருக்கும். அகலக் கால் வைக்காமல் அடுத்த அடி வைப்பது எல்லாத் தொழிலுக்கும் நல்லது.

எடுக்கக் கூடாத பணம்

சில பணத்தைத் தொடவே கூடாது. முதலாவது பயிர்க்கடன். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. அந்தப் பணத்தை அறை அட்வான்சுக்குக் கொடுத்துவிட்டுக் கெடுவு தவறினால் வட்டி ஏறும். அடுத்த பருவத்துக்குக் கடனும் கிடைக்காது. இரண்டாவது நிலத்தை ஒத்தி வைத்தோ அடமானம் வைத்தோ வாங்கும் பணம். பட்டணத்துப் பிழைப்பு சரியில்லை என்று பிள்ளை திரும்பி வந்தால் நிற்பதற்கு அந்த நிலம் வேண்டும்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. அது வேலைக்கு ஆள் பிடிப்பவர் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் முன்பணம். இது நம் சீமைக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைக் கங்காணிகள் இப்படித்தான் கூட்டிப் போனார்கள். வழிச்செலவும் முன்பணமும் கணக்கில் எழுதப்பட்டன. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடனைக் காட்டும் "துண்டு" என்ற சீட்டும் கூடவே போயிற்று. 1921இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து வட மாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு முன்பணத்தின் பேரில் அனுப்பப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்குப் பெண்களை எடுத்த "சுமங்கலித் திட்டம்" எத்தனை புகாருக்கு ஆளானது என்பதும் தெரிந்ததே. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை.

நல்ல வேலைக்கு யாரும் வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். முன்பணத்துக்காக ஆளைப் போகவிடாமல் வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சிக்கியிருந்தால் 1098 என்ற எண்ணுக்கும், பெண்களுக்கு 181 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். இலவச சட்ட உதவிக்கு எண் 15100.

பழைய வரைபடம்

திருச்சுழியிலிருந்து வெளியூர் போன பிள்ளைகளில் உலகமே அறிந்த ஒருவர் உண்டு. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. தந்தை காலமானதும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி, பதினாறு வயதில், அண்ணனின் கல்லூரிக் கட்டணமான ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் பார்த்து வைத்தது ஒரு பழைய தேசப்படம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் வந்துவிட்டது அதில் இல்லை. ஆகவே திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்து டிக்கெட் வாங்கினார். ரயிலில் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்க வேண்டும் என்பது தெரிந்தது. கையில் இருந்த சில்லறை தீர்ந்ததும் நடந்தார். வழியில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் போய்ச் சேர முடிந்தது. அவர் இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரிய இரண்டாண்டு ஆயிற்று.

அவர் தேடிப் போனது வேலையை அல்ல. அந்தப் பயணத்துக்கு வேறு அர்த்தம். ஆனால் பிழைக்கப் போகும் நம் பிள்ளைகளும் இன்று பழைய வரைபடத்தோடுதான் பல சமயம் புறப்படுகிறார்கள். நான்கு வருஷத்துக்கு முன் போன பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன சம்பளம், பெரியப்பா மகன் இருந்த பழைய அறை, யாரோ சொன்ன கம்பெனி பெயர் என்று எல்லாம் பழைய செய்தி. ஆகவே பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் ஒருவர் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வருவது அவசியம். சென்னை எழும்பூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. போய்வரும் டிக்கெட் செலவு, ஒரு மூட்டை உரத்தை வீணாக்குவதைவிடப் பெரிதல்ல. தங்கும் இடத்தில் தண்ணீர் எப்படி, ஓர் அறையில் எத்தனை பேர், வேலை இடம் எவ்வளவு தூரம், இரவு ஷிப்ட் முடிந்தால் எப்படித் திரும்புவது என்று நாலு விஷயத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். "சொந்தக்காரன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்" என்பது ஒரு வாரத்துக்குச் சரி. அதற்கு மேல் அவர்களுக்கும் பாரம், நம் பிள்ளைக்கும் கூச்சம்.

பெண் பிள்ளையை அனுப்புகிறவர்கள் வேலையைவிடத் தங்கும் இடத்தை முதலில் விசாரிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், விடுதிச் சாப்பாட்டால் ஏராளமான பெண் தொழிலாளர்கள் நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்த பெண்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்த பிறகுதான் விடுதிகளின் நிலைமை வெளியே வந்தது. அதன்பின் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் "தோழி" மகளிர் விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி முதலிய இடங்களில் உள்ளன. இவற்றில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் தனியார் விடுதிக்குப் போகலாம்.

பிள்ளை போன பிறகு நிலம்

ஓர் ஆள் குறைந்தால் வேலைக்கு ஏற்றபடி வெள்ளாமையை மாற்ற வேண்டும். பருத்திக்குக் களையெடுப்பும் எடுப்புக் கூலியும் அதிகம். மக்காச்சோளத்துக்கு 2018 முதல் படைப்புழுத் தொல்லையும், போதாக்குறைக்குக் காட்டுப்பன்றியும். ஆள் குறைந்த வீட்டில் ஒரு பகுதி நிலத்தைக் குதிரைவாலிக்கும் தீவனச் சோளத்துக்கும் விடலாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர், விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. எந்தப் பயிர், எந்த ரகம் என்பதற்கு அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

எதைச் செய்தாலும் நிலத்தைத் தரிசு போடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு சும்மா கிடந்தால் சீமைக் கருவேல் ஏறிவிடும். பிறகு அதைத் தூரோடு எடுக்க ஆகும் செலவில் ஒரு பிள்ளையைப் பட்டணத்தில் நிலைக்க வைத்துவிடலாம்.

பிள்ளைக்கு லீவு கிடைக்கும் நாட்களும் நமக்குச் சாதகமானவை. ஆயுத பூஜை பெரும்பாலும் புரட்டாசியில், விதைப்பை ஒட்டி வருகிறது. பொங்கல் அறுவடையை ஒட்டி வருகிறது. அந்த இரண்டுக்கும் தவறாமல் ஊருக்கு வரச் சொல்லுங்கள். நிலத்தின் நாலு எல்லையும் பிள்ளைக்கு மறக்காமல் இருக்கும்.

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் இவற்றை எழுதி, ஒரு பிரதி வீட்டிலும் ஒரு பிரதி பிள்ளையிடமும் இருக்கட்டும்.

1. தங்கும் இடத்தின் முழு விலாசம், வார்டன் அல்லது வீட்டுக்காரர் போன் நம்பர்.
2. கம்பெனியின் பெயர், விலாசம். வேலை தருவது கம்பெனியா, காண்டிராக்டரா? வேலை உத்தரவை எழுத்தில் வாங்க வேண்டும்.
3. உடன் வேலை செய்யும் ஒருவரின் பெயரும் நம்பரும். போன பத்து நாளைக்குள் இதை எழுதிச் சேர்க்க வேண்டும்.
4. சான்றிதழ்களின் பட்டியல். அசல் சான்றிதழ் வீட்டில் இருக்கட்டும். நகல்தான் கூடப் போக வேண்டும். அசலைக் காட்டலாம், ஏஜெண்டிடமோ கம்பெனியிடமோ விட்டுவிட்டு வரக் கூடாது.
5. வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும். சம்பளம் அதில் வர வேண்டும்.
6. ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டாம். வேண்டுமானால் அங்குள்ள கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்று விசாரித்துக்கொள்ளலாம்.
7. எந்தத் தேதி வரை பார்த்துவிட்டுச் சரியில்லையென்றால் திரும்பி வருவது என்ற கெடு.

ஏழாவதுதான் முக்கியமானது. மூன்று மாதம் என்று எழுதி வைத்தால், மூன்று மாதத்தில் திரும்பி வரும் பிள்ளை தோற்றுப்போய் வந்ததாக ஆகாது. பேசிவைத்தபடி வந்ததாகத்தான் ஆகும். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில், உடம்பையும் கெடுத்துக்கொண்டு வீட்டுக்கும் சொல்லாமல் பட்டணத்திலேயே கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மழை பொய்த்து முளைக்காத நிலத்தை நாம் குறை சொல்வதில்லை. உழுது மறுபடி விதைக்கிறோம். பிள்ளைக்கும் அதே நியாயம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. முதல் ஆறு மாதம் பிள்ளையிடம் பணம் எதிர்பார்க்காதீர்கள். கேட்கவும் செய்யாதீர்கள். வேர் பிடிக்காத கன்றில் யாரும் காய் பறிப்பதில்லை. அந்த ஆறு மாதம் தாங்குவதற்கு வேண்டிய பணம் வீட்டில் இருக்க வேண்டுமானால், இந்த மாசியில் உளுந்து விற்று வந்த காசிலிருந்து முதல் 300 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.